கண்ணாடி ஊசியும் எங்கள் வீட்டு ஆண்களும்

போன வாரம் சர்க்கரை டாக்டரின் வாசலில் என் வயதுக்காரர் ஒருவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். நல்ல உடம்பு, நல்ல வேட்டி, விரலில் மோதிரம். என்னவென்று கேட்டேன். "இனிமே இன்சுலின்தான்னு சொல்லிட்டாரும்மா" என்றார், கோர்ட்டில் தூக்குத் தண்டனை சொல்லிவிட்டதைப் போல. மடியில் இன்சுலின் பேனா இருந்தது. அதை விரலால் கூடத் தொடாமல், அடிபட்ட பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். முனையில் இருக்கிற ஊசி முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். திருகினால் எவ்வளவு மருந்து என்று அதுவே காட்டும். உபயோகித்துவிட்டுத் தூர எறிந்துவிடலாம். இதற்கு ஒரு கண்ணீர்.

அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். உருக்கமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அந்தக் காலத்தின் மேல் பாசம் கிடையாது. அந்தக் காலத்து ஆண்களின் மேல் அதைவிடக் குறைவு.

எழுபதுகளில் ஒரு ஏலக்காய் சீசன். போடியில் நாங்கள் கூட்டுக் குடும்பம். பெரியப்பா வைத்ததுதான் சட்டம். ராசிங்காபுரம் பக்கம் தோட்டம், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காட்டில் ஒரு பங்கு, ஊருக்குள் காய் மூட்டை அடுக்கிய வீடு. எல்லாம் அவர் கையில். என் அய்யா அவருக்குத் தம்பி. அவ்வளவுதான் அய்யாவைப் பற்றிச் சொல்ல முடியும். பெரியப்பா "ஏலே" என்றால் எழுந்து நிற்பார், "சரி" என்றால் உட்காருவார். அம்மா அந்த வீட்டுக்கு வந்த மருமகள். மூத்தாரான பெரியப்பா எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு முடிந்திருந்தது. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். குடத்துத் தண்ணீர் தீர்ந்து, அண்டாத் தண்ணீர் தீர்ந்து, ஒருநாள் மாட்டுத் தொட்டியில் குனிந்து குடித்தேன். குடித்ததெல்லாம் உடனே வெளியே போகும். கொல்லையில் நான் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எறும்பு சாரி சாரியாக மொய்க்கும். தட்டுத் தட்டாகச் சோறு தின்றேன், ஆனால் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அந்த எறும்பை அந்த வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பெரியப்பாவும் பார்த்தார். அவருக்கே சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, பாகற்காய்ப் பொடி தின்றுகொண்டு, "இது ராசாக்களுக்கு வர்ற வியாதி" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனாலும் அவருக்குத் தோன்றவில்லை. ஒரு பொட்டப்பிள்ளைக்கு ராஜா வியாதி எப்படி வரும்?

கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவன் உடுக்கை அடித்து, ஆற்றங்கரையில் நான் எதையோ பார்த்துப் பயந்துவிட்டதாகச் சொன்னான். நான் எதையும் பார்க்கவில்லை. அதை என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. எனக்காகக் கோழி அறுத்து, கறியை அவர்கள் தின்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் மயங்கி விழுந்து, கண் விழித்தபோது மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

அந்த வார்டின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. டெட்டால், மூத்திரம், சாத்துக்குடித் தோல், மூன்றும் கலந்த வாசனை. அங்கே ஒரு மலையாளத்து நர்ஸ் இருந்தாள். பொறுமைசாலி என்று சொல்ல மாட்டேன், எரிந்து விழுவாள். ஆனால் ஒரு சாத்துக்குடியையும் ஊசியையும் என் கையில் கொடுத்து, "பேடிக்கண்டா, குத்து" என்றாள், பயப்படாதே என்று அவள் பாஷையில். மருந்துக் குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும், பால் மாதிரி ஒன்றுபோல வரும்வரைக்கும். எவ்வளவு மருந்து எடுக்கப் போகிறோமோ அவ்வளவு காற்றை முதலில் குப்பிக்குள் தள்ள வேண்டும். ஊசிக் குழாயில் குமிழி நின்றால் விரலால் சுண்டி மேலே ஏற்றி வெளியே தள்ள வேண்டும். ஒரே இடத்தில் தினமும் குத்தக் கூடாது. கை, தொடை, வயிறு என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். போட்ட பிறகு சாப்பிடாமல் இருக்கக் கூடாது. வேர்த்து, கை நடுங்கி, பசி வயிற்றைப் பிடுங்கினால் உடனே சீனி தின்ன வேண்டும். அம்மாவையும் பக்கத்தில் நிறுத்தித்தான் இதையெல்லாம் சொன்னாள். அம்மா பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் சேலை முந்தியில் ஒரு கை சீனி முடிந்தே இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அக்கா. புதுசாகக் கல்யாணமானவள், கழுத்தில் மஞ்சள் கயிறு கூட வெளுக்கவில்லை. என்னோடு தாயம் விளையாடுவாள், தோற்றால் கட்டையை ஒளித்து வைத்துக்கொள்வாள். அவளுக்கும் என் வியாதிதான். வீட்டுக்குப் போனவளுக்கு மாமியார் வீட்டார், கோயிலுக்குக் காப்புக் கட்டியிருக்கிறோம், இந்த நேரத்தில் வீட்டில் ஊசி குத்தி ரத்தம் பார்க்கக் கூடாது என்று மருந்தையே நிறுத்திவிட்டார்கள். மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்தபோது, ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வாயில் அழுகின பழத்தின் வாசம். சாயங்காலம் அந்தக் கட்டிலில் வேறு விரிப்பு போட்டார்கள். அம்மா என் கண்ணைப் பொத்தினாள். விரல் இடுக்கில் எல்லாம் தெரிந்தது.

எங்களை அனுப்பும்போது டாக்டர், "இந்தப் புள்ளையே போட்டுக்கும். கையில விட்டுருங்க, நான் சொல்றது புரியுதா?" என்றார். அய்யா தலையை ஆட்டினார். ரயிலில் உட்கார்ந்ததும், "சின்னப் புள்ள ஊசி போடுறதாம்ல" என்று கூட வந்திருந்த பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். மருந்துக் குப்பி பிளாஸ்கில் ஐஸ் கட்டிகளோடு கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது.

போடியில் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. புதுப் பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் கிண்ணத்தில் குப்பியை வைத்து, மேலே ஈரத் துணி போட்டு அம்மா மூடி வைத்தாள். கண்ணாடி ஊசிக் குழாயும் இரண்டு ஊசியும் ஒரு எவர்சில்வர் டப்பாவில். மூத்திரம் சோதிக்க ஒரு கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, ஒரு பாட்டில் நீல மருந்து. நீல மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ரொம்ப அதிகமென்றால் செங்கல் நிறம். எனக்கு அது பிடித்திருந்தது, சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "அடுப்பங்கரை இருக்குற வீட்டுல மூத்திரத்தக் காய்ச்சுறாளுக" என்று கத்தினார். மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் போய்க் காய்ச்சினோம். மாடுகள் ஒன்றும் சொல்லவில்லை.

ஊசி போட, பெரியப்பா கம்பவுண்டரை ஏற்பாடு செய்தார். தினமும் காலையில் ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வந்து இறங்குகிற வீடு என்றால் தெருவில் ஒரு மரியாதை. அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. அந்த ஆள் எங்கேயோ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, விலக்கப்பட்டு, இப்போது தன்னை "டாக்டர்" என்று கூப்பிடும்படி பழக்கி வைத்திருந்தான். தலையில் எண்ணெய் வழியும். தோல் பையைத் திறந்தால் ஒரு ஊசிப்போன வாடை. ஊசியைக் கொதிக்க வைக்கச் சொன்னால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். காப்பி ஆற்ற வைத்திருக்கிற வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பான். முனை மழுங்கினால் எங்கள் வீட்டு அரிவாள் தீட்டுகிற கல்லிலேயே தேய்ப்பான். குப்பியைக் குலுக்குவான், குலுக்கலில் நுரையே வந்துவிடும். தினமும் ஒரே கை, ஒரே இடம். அந்த இடத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தட்டியது. பிறகு பழுத்தது.

"டாக்டரு வேற எடத்துல போடச் சொன்னாக" என்றேன்.

"எந்த டாக்டரு?"

"மதுரையில."

"நான் போட்ட ஊசி எத்தனைன்னு தெரியுமா ஒனக்கு? பேசாம கையக் காட்டு."

பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, "வாயப் பாரு" என்றார். அய்யா தரையைப் பார்த்தார். ஊசி உள்ளே போகிற நேரத்தில் அய்யா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். அவருக்கு ஊசியைப் பார்த்தால் தலை சுற்றுமாம். ஏலக்காட்டில் யானைச் சாணத்தைப் பார்த்தும் தனியாக நடந்து போனதாக எங்களிடம் கதை சொன்ன மனிதர்.

மழை விட்டு, காய் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மலையில் புதிதாகக் கட்டின ஸ்டோருக்குப் பூஜை போடக் குடும்பத்தோடு போக வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். ஸ்டோர் என்றால் கடையில்லை. பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். சில நாள் அங்கேயே தங்குவதாகத் திட்டம். கம்பவுண்டர் மலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டான். "ரெண்டு நாள் போடலைன்னா உசுரா போயிரும்?" என்றார் பெரியப்பா. அம்மா எவர்சில்வர் டப்பாவையும், ஸ்பிரிட் பாட்டிலையும், ஈரத் துணியில் சுற்றிய குப்பியையும் தன் துணிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தக் குப்பி புதுசு. பழையது தீர்ந்திருந்தது. அய்யா முந்தின நாள் மருந்துக்கடையில் போய் வாங்கி வந்தார். கிளம்புகிற அன்று காலையில் கம்பவுண்டர் அதைத் திறந்தபோது பார்த்தேன். பழைய குப்பியில் நாற்பது என்று எழுதியிருக்கும். இதில் எண்பது என்று இருந்தது. மூடியின் நிறமும் வேறு. மதுரை நர்ஸ் இந்த ஒரு விஷயத்தை என் காதைத் திருகிச் சொல்லியிருந்தாள்: எண்பது என்றால் மருந்து இரண்டு மடங்கு கெட்டி, அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

கம்பவுண்டர் பழைய கோடு வரைக்கும் இழுத்தான்.

"இதுல எம்பதுன்னு போட்டுருக்கு" என்றேன். "பாதிதான் போடணும்."

"கம்பேனிக்காரன் ஆயிரம் எழுதுவான். மருந்து மருந்துதான்."

"இல்ல, நர்ஸக்கா சொன்னாக..."

"எண்ணே, ஒங்க வீட்டுப் புள்ளைக்குப் படிப்பு ஓவராயிருச்சு" என்று பெரியப்பாவிடம் சொல்லிச் சிரித்தான். நான் கையை இழுத்துக்கொண்டேன். பெரியப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்து நீட்டி வைத்தார். போட்டுவிட்டான்.

இட்லி தின்றேன். ஜீப்பில் லோடு ஏற்ற நேரமாகிவிட்டது. அரிசி மூட்டை, பாத்திரம், பூஜைச் சாமான் எல்லாம் ஏற்றி நாங்கள் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து கிளம்பும்போது வெயில் உச்சியில் இருந்தது. பெரியப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில். முந்தல் தாண்டி மலை ஏறினதும் ஒரு வளைவுக்கு ஒரு முறை வயிறு புரண்டது. தின்ற இட்லி முழுக்க வெளியே போனது. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

முதலில் உதடு மரத்தது. மலைக்காற்று சில்லென்று அடிக்கிறது, எனக்கோ சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வேர்வை. விரல்கள் தானாக ஆடின. எதிரே இருந்த அரிசி மூட்டை இரண்டாகத் தெரிந்தது. பசி என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. உள்ளே இருந்து யாரோ கையை விட்டுப் பிறாண்டுகிற மாதிரி.

"அம்மா, சீனி" என்றேன்.

அம்மா முந்தியைக் கையில் எடுத்தாள். முன்னால் இருந்து பெரியப்பா திரும்பிப் பார்த்தார். "என்னது அது?"

"சீனி... வேர்த்தா குடுக்கச் சொன்னாக" என்றாள் அம்மா, அய்யாவைப் பார்த்து. மூத்தாரிடம் அவள் நேராகப் பேச மாட்டாள்.

"சக்கர வியாதிக்காரிக்குச் சீனியா? கொல்லப் பாக்குறியா புள்ளைய? வளைவு சுத்துனா எல்லாருக்கும்தான் வேர்க்கும். டேய், வாங்குடா அத."

அவ்வளவு நம்பிக்கையோடு பேசினார். வியாதிக்கு அவர்தான் வீட்டில் மூத்தவர் அல்லவா. அய்யா, "விடு, அண்ணே சொல்றாகள்ல" என்றார். அம்மாவின் கை முடிச்சின் மேலேயே நின்றுவிட்டது. அவிழ்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவள் கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

பெரியவர்களை நம்பி உட்கார்ந்தால் செத்துப்போவோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யோசித்துத் தெரிந்துகொள்ளவில்லை. யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அம்மாவின் மடியில் அப்படியே விழுந்து, முந்தி முடிச்சை வாயில் கவ்வினேன். அவிழ்க்க விரல் கேட்கவில்லை. துணியோடு சேர்த்துக் கடித்து, எச்சிலை ஊற வைத்து உறிஞ்சினேன். நூலும், வேர்வை உப்பும், மஞ்சள் வாசமும், அதற்கு நடுவில் சீனியும். அய்யா என் தோளைப் பிடித்து இழுத்தார். பல்லை விடவில்லை. சேலை கிழிந்தது. பெரியப்பா, "திருட்டுக் கழுத, திருட்டுக் கழுத" என்று முன்னால் இருந்து கத்துவது எங்கேயோ கிணற்றுக்குள் கேட்பது போலக் கேட்டது. அம்மாவின் கை என் தலைமேல் வந்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. யாரும் என்னை இழுக்க முடியாதபடி.

போடிமெட்டில் ஜீப் நின்றபோது எனக்கு மூட்டை ஒன்றாகத் தெரிந்தது. அம்மா, யாரையும் கேட்காமல் இறங்கிப் போய், சீனி போட்ட டீயும் மலை வாழைப்பழமும் வாங்கி வந்து கொடுத்தாள். சாயங்காலம் வரை தின்றுகொண்டே இருந்தேன். டிரைவர், "பாப்பாவுக்குத் தேவலையா?" என்று கேட்டான். அன்று என்னிடம் கேட்ட ஆம்பளை அவன் ஒருவன்தான்.

ஏலக்காட்டு வீடு தகரக் கூரை போட்டது. பக்கத்திலேயே ஸ்டோர். பச்சைக் காய் சூட்டில் வேகிற வாசனை துணியில், தலைமுடியில், குடிக்கிற தண்ணீரில் கூட ஏறிவிடும். நன்றாகத்தான் இருந்தது. அந்த வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

"இம்புட்டுக்கும் காரணம் அந்த ஊசிதான். ஊசி போட்டதுனாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சு. இனிமே வேணாம். மலைக்காத்து, நெல்லிக்கா, பாகக்கா. நான் என்ன ஊசி போட்டா கெடக்கேன்? அந்த டப்பாவத் தூக்கிப் பரண்ல போடுறா."

ஊசிதான் காரணம் என்பது உண்மைதான். அளவு இரண்டு மடங்கு ஏறிவிட்டது என்பதுதான் அவருக்கு ஏறவில்லை. எதையும் பாதி தெரிந்துகொண்டு முழுச் சத்தத்தில் பேசுவது அவர் வழக்கம். அய்யா டப்பாவை வாங்கிப் பரணில் வைத்தார்.

விடிந்து எழும்போதே நாக்கு வறண்டிருந்தது. சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன், போதவில்லை. அது எந்தத் தாகம் என்று எனக்குத் தெரியும். அம்மா அடுப்படியில் விறகு ஊதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஊசி போடணும்."

"பெரியப்பா வைவாகத்தா."

"நானே போட்டுக்குறேன்."

"ஒனக்கு எப்படித்தா முடியும்? இரு, கீழ எறங்கட்டும், பாத்துக்கலாம்."

"மதுரையில பக்கத்துக் கட்டில்ல இருந்த அக்காவுக்கும் இப்படித்தான சொன்னாக."

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணில் இருந்து டப்பாவை எடுத்தாள். அய்யா வாசல்படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா டப்பாவோடு இறங்குவதைப் பார்த்தார். எழுந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். "ஒரு சோலி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செடிக்காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

பாலுக்கு வைத்திருந்த சட்டியில் தண்ணீர் ஊற்றி, ஊசிக் குழாயையும் ஊசியையும் போட்டு அம்மா கொதிக்க வைத்தாள். கண்ணாடி சட்டியில் முட்டி டக்டக்கென்று சத்தம் போட்டது. ஆறட்டும் என்று காத்திருந்தோம். குப்பியை உள்ளங்கையில் உருட்டினேன். காற்றைத் தள்ளி, மருந்தை இழுத்தேன், பழைய கோட்டில் பாதி. குமிழியைச் சுண்டினேன். கோட்டை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கி, தொடையில் ஸ்பிரிட்டைத் தடவிக் காய விட்டேன். இதுவரைக்கும் எல்லாம் சரி. ஊசி முனை தோலுக்கு மேலே வந்து நின்றுகொண்டது. கை இறங்கவில்லை. சாத்துக்குடிக்கு வலிக்காது. எனக்கு வலிக்குமே.

அம்மா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடவில்லை. "பேடிக்கண்டா" என்றாள், அந்த நர்ஸ் சொன்ன மாதிரியே. அவளுக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை போல.

குத்தினேன்.

அப்போது பார்த்து பெரியப்பா வாசலில் வந்து நின்றார். டப்பாவைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். அவர் சொல்லை மீறி ஊசி போட்டதற்கு ஏசுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கத்தினது வேறு.

"சமையப் போற பொட்டப்புள்ள! காலத் தொறந்து போட்டுக்கிட்டு நடு வீட்டுல ஒக்காந்துருக்கா! வெக்கமா இல்ல?"

உயிர் போகிற வியாதியில் அந்த மனிதருக்குக் கண்ணில் பட்டது அதுதான். நான் ஊசியை எடுக்கவில்லை. மருந்து இறங்க வேண்டும், அவசரப்பட்டால் பாதி வெளியே வந்துவிடும். மெதுவாகத் தள்ளிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னேன்: "கதவச் சாத்துங்க பெரியப்பா."

அவர் என்னை அடிக்க ஒரு எட்டு உள்ளே வைத்தார். அம்மா எழுந்தாள். சுவரோடு ஒட்டிக்கொள்கிற என் அம்மா நேராக அவர் எதிரே போய் நின்றாள். "அவ மருந்து போடுறா. வெளிய இருங்க" என்றாள். முதல் முறையாக அவரிடம் நேராகப் பேசினாள். பேசிவிட்டு அவர் முகத்துக்கு எதிரிலேயே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. கதவை உடைப்பார் என்று பயந்தேன். உடைக்கவில்லை. சாத்தின கதவுக்கு எதிரே என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் யாரும் சாத்தினதில்லை.

ஊசியை உருவினேன். ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான். அம்மா சுடச்சுட இட்லி எடுத்து வைத்தாள்.

பூஜை நடந்தது, பொங்கல் வைத்தார்கள், பெரியப்பா எங்கள் இருவரோடும் பேசவில்லை. பெரிய நிம்மதியாக இருந்தது. கீழே இறங்கி வந்தபிறகு கம்பவுண்டர் வழக்கம்போலச் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தான். அம்மா வாசலிலேயே நிறுத்தி, "புள்ள போட்டுக்கிட்டா" என்றாள். "எந்தப் புள்ள?" என்றான். "ஊசி குத்திக்கிற புள்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அவனுக்கு அன்றைக்குக் காப்பி இல்லை. என் கையில் பழுத்த இடம் ஆற வெகுநாளானது. தழும்பு இன்னும் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காட்டுகிறேன்.

பெரியப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள். சில வருடம் கழித்து அவர் பாகற்காய்ப் பொடி அவரைக் கைவிட்டது. காலில் புண் வந்து, டாக்டர் இன்சுலின் எழுதினார். போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். "அது பொம்பளைகளுக்கு ஒத்துக்கும், எனக்கு ஒத்துக்காது" என்றார். கால் விரல் போனது, பிறகு பாதம் போனது. அதற்குப் பின்னும் வருகிறவர்களிடம், "எங்க வீட்டுப் புள்ளைக்குத் தைரியம் சொல்லிக் குடுத்து ஊசி போடப் பழக்குனதே நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களும் தலையை ஆட்டினார்கள். அவர் செத்தபோது நான் அழவில்லை. நல்லவேளை, யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் சாவை அல்ல. மலையில் நானே ஊசி போட்டுக்கொண்ட அன்றைக்கே, சாயங்காலம் நடந்ததைத்தான்.

பூஜைக்கு வந்தவர்கள் ஸ்டோர் பக்கம் இருந்தார்கள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா ஊசிக் குழாயை மறுபடியும் கொதிக்க வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, ஒனக்குக் காச்ச கீச்ச வந்து படுத்துட்டா யாரு போடுவா?"

"தெரியலம்மா."

"அய்யா போடுவாரா?"



அம்மா கதவைச் சாத்தினாள். தரையில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கி, நான் செய்தது மாதிரியே ஸ்பிரிட்டைத் தடவினாள். மருந்து இல்லாத வெறும் ஊசி. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டாள். பென்சில் பிடிக்கிற மாதிரி என்றேன். அவள் பென்சில் பிடித்ததில்லை. விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். மூச்சை இழுத்துப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தன் தொடையில் தானே குத்தினாள்.

குத்திவிட்டு அப்படியே இருந்தாள். ஊசி தொடையில் நின்றது. அவள் முகத்தில் பயம் இல்லை, ஏதோ ஏமாந்துவிட்டவளைப் போல இருந்தது.

"இம்புட்டுத்தானாத்தா?"

"இம்புட்டுத்தாம்மா."

"இதுக்கா?" என்றாள். "இதுக்கா உங்கய்யா காட்டுக்குள்ள ஓடுனாரு? இதுக்கா அந்த எண்ணெய் மண்டையனுக்கு நான் தினமும் காப்பி போட்டேன்?"

சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் வந்துவிட்டது. ஊசியை உருவிக்கொண்டே சிரிக்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள், அடக்கினால் இன்னும் அதிகமாக வருகிறது. அந்த வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. தகரக் கூரை அதிர்ந்தது.

வெளியே செருப்புச் சத்தம். அய்யா கதவைத் தட்டினார். "உள்ள என்ன சிரிப்பு? ஏ, என்னங்குறேன்?"

அம்மா வாயை முந்தியால் பொத்திக்கொண்டு, மூச்சு வாங்கி, குரலைச் சரி செய்துகொண்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நீங்க போயி ஒங்க சோலியப் பாருங்க."